பாந்தே ஸ்ரேய்ல காரைக்கால் அம்மையாரை போட்டோ எடுக்க எந்த நேரம் போகணும்?

கம்போடியாவுல சியம் ரீப்ல இருக்கேன், பாந்தே ஸ்ரேய் போனவங்க யாராவது சொல்லுங்க. 967ல கட்டின சிவன் கோயில், சிவப்புக் கல்லுல மரத்துல செதுக்குன மாதிரி அவ்ளோ நுணுக்கமா இருக்கும். அங்க கிழக்கு கோபுர வாசலுக்கு மேல சிவன் ஆடுறாரு, காலடியில ஒரு ஓரமா எலும்பும் தோலுமா உக்காந்திருக்கறது நம்ம காரைக்கால் அம்மையார்தான். அங்கோர் வாட்டை விட எனக்கு இதுதான் பெருசு, அம்மாகிட்ட காட்டுறேன்னு வேற சொல்லிட்டு வந்துட்டேன், ஆனா ஒரு போட்டோ கூட உருப்படியா வரல.

முதல் நாள் மதியம் மூன்றரைக்கு போனேன், சிற்பம் கிழக்கு பாத்து இருக்கறதால முழுக்க நிழல், பின்னாடி வானம் பளீர்னு, எல்லாம் கருப்பா வந்துச்சு. நேத்து 11 மணிக்கு போனா வெயில் உச்சிக்கு வந்து மேல இருக்கற விளிம்போட நிழலே அம்மையார் முகத்துல விழுது, கூட்டம் வேற. எக்ஸ்போஷர் ஏத்தி பாத்தேன், ஐஎஸ்ஓ ஏத்தி பாத்தேன், போன்ல சூம் பண்ணா புள்ளி புள்ளியா வருது. கைல இருக்கறது கேமராவோட சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸ் மட்டும்தான்.

கோயில்களுக்கு எடுத்தது மூணு நாள் பாஸ், இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. டுக்டுக்குல போகவே ஒரு மணி நேரம் ஆகுது, அதனால சும்மா போய் பாத்துட்டு வர முடியாது.

காலைல திறந்த உடனே போனா அந்த சிற்பத்து மேல நேரா வெளிச்சம் விழுமா, இல்ல சுத்தி இருக்கற மரம் மறைச்சிடுமா?