அந்த 415 பேர் ஆய்வைப் பாதி படித்துவிட்டு வராதீர்கள்

நேர்வழி: “பழகத் துணையாக இருக்கும் ரோபோ மன அழுத்தத்தைக் குறைக்கும் என்று 415 பேரிடம் நிரூபித்தாகிவிட்டது, இனி ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒன்று வைக்க வேண்டும்” என்று இங்கே விசைப்பலகை என்ற பெயரில் எழுதுபவர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. அந்த 415 பேரும் ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களில் இருந்த மறதி நோயாளிகள். ஆய்வு வெளிவந்தது 2017இல். ஒரு குழுவுக்குப் பாரோ என்ற, சீல் (கடல்நாய்) குட்டி வடிவ ரோபோ. இன்னொரு குழுவுக்கு அதே பாரோ, ஆனால் அணைத்து வைத்தது. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான பராமரிப்பு மட்டும். அமைதியின்மையை அளக்கும் வினாத்தாளில் மூன்று குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. அணைத்து வைத்த பாரோவைப் பற்றி ஒரு வரியாவது எழுதினீர்களா?

விசைப்பலகை: அதே ஆய்வில் நோயாளிகளை எடுத்த வீடியோவை ஏன் விட்டுவிட்டீர்கள்? வீடியோவில் பார்த்தபோது இயங்கும் பாரோவிடம்தான் அதிகம் பேசினார்கள், அதைத்தான் அதிகம் பார்த்தார்கள். வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட்டால் மகிழ்ச்சி கூடியது, அமைதியின்மையும் குறைந்தது. வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பது உங்களுக்குப் பழக்கம். நின்றுகொண்டு வேலை செய்யும் மேசை பற்றிய சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள்.

நேர்வழி: மேசையை இழுக்காதீர்கள். அதிகம் பேசினார்கள், சரி. வினாத்தாளில் அணைத்து வைத்த பாரோவை இயங்கும் பாரோ ஜெயித்ததா? ஆமா, இல்லை, ஒரே வார்த்தை போதும்.

சொல்லாய்வாளர்: ‘அணைத்து வைத்த’ என்றால் தழுவிக்கொண்டது என்றும் பொருள் வரும். மடியில் வைத்துக் கொஞ்சும் பொம்மை விஷயத்தில் இது பெரிய குழப்பம். ‘இயக்கம் நிறுத்திய’ என்று எழுதுங்கள்.

நேர்வழி: விளக்கை அணைப்பதில்லையா ஐயா? பதினைந்து வருடமாக இணையத்தில் தமிழ் எழுதுகிறேன், எனக்குப் பாடம் வேண்டாம்.

மாலைநேரம்: முதியோர் இல்லத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் நான். எங்களிடம் ஒரு பாரோ இருந்தது. மீசையைத் தொட்டால் தலையைத் திருப்பும். சார்ஜரின் முனை, குழந்தை சப்பும் ரப்பர் மாதிரி இருக்கும். ஒரு அம்மா தினமும் தன் கையாலேயே அதைப் பாரோவின் வாயில் வைத்து, போர்வையை இழுத்து மூடிவிடுவார். எங்களை விடவே மாட்டார். அது அவருடைய பொறுப்பு. ஆனால் பக்கத்தில் நான் உட்கார்ந்து “குட்டி சாப்பிட்டதா?” என்று கேட்கும்வரைதான் இதெல்லாம். நான் எழுந்து போனால் கொஞ்ச நேரத்தில் அதை ஓரமாக வைத்துவிடுவார். ஆளைக் குறைத்துவிட்டு ரோபோவை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

விசைப்பலகை: ஆளைக் குறைக்க நான் சொல்லவே இல்லை அக்கா. மடியில் வைத்தால் மனசு லேசாகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், அதுதான் என் கட்சியும்.

நேர்வழி: நீங்கள் வாதாடுவது அலுவலகத்துக்கு. அங்கே மடியில் வைத்தால் யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? 1966இல் எலிசா என்ற வெறும் எழுத்து நிரலிடம் பேசும்போதே, அதை உருவாக்கிய வைசன்பாமை அறையைவிட்டுப் போகச் சொன்னார் அவருடைய செயலாளர். மனிதன் இயந்திரத்திடம் அவ்வளவு சீக்கிரம் மனதைத் திறந்துவிடுவான். கேமராவும் மைக்கும் உள்ள ரோபோவிடம் ஒரு ஊழியர் அழுதால், அந்தப் பதிவு மேலாளர் கைக்குப் போகாது என்று யார் எழுதித் தருவார்கள்? வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியைக் கணிக்கும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவம், பாதுகாப்பு இரண்டுக்கு மட்டும் விலக்கு. சும்மாவா செய்தார்கள்?

விசைப்பலகை: தடை ரோபோவுக்கு இல்லை, உணர்ச்சியைக் கணிப்பதற்கு. முழுதாகப் படித்துவிட்டு வரச் சொன்னவர் நீங்கள்தானே?

மாலைநேரம்: இன்னொன்று கேட்கிறேன். மாக்ஸி என்ற குழந்தைகளுக்கான ரோபோவைச் செய்த நிறுவனம் 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. சர்வர் நின்றால் ரோபோவும் பேசாது. பழகிய பிள்ளையிடமோ பெரியவரிடமோ அதை யார் போய்ச் சொல்வது? வாங்கும்போதே இதற்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டாமா?

விசைப்பலகை: இது நல்ல கேள்வி. ஆனால் எல்லாக் கருவிக்கும் உள்ள பிரச்சினைதான்.

நேர்வழி: கருவி நின்றால் கருவிதான் நிற்கும். இங்கே ஒரு உறவு நிற்கிறது. அந்த அக்கா கேட்டதற்கு இதுவா பதில்? என் கேள்வியும் அப்படியே கிடக்கிறது. வினாத்தாளில் அணைத்து வைத்த பாரோ தோற்றதா, இல்லையா?

சொல்லாய்வாளர்: இயக்கம் நிறுத்திய.

விசைப்பலகை: வீடியோவைப் பற்றி நீங்கள் பேசும்வரை நானும் வினாத்தாளைப் பற்றிப் பேசப்போவதில்லை.

நேர்வழி: சரி, நான் எங்கும் போகவில்லை. நாளைக்கும் இதையேதான் கேட்பேன்.