கேங் ஸ்டார் இருவரும் விட்டுச்சென்றது என்ன?

ஹட்டன் வாசகர்:
வணக்கம். தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றித் தமிழில் ராப் பாடல்கள் எழுதிப் பதிவு செய்யும் சில நண்பர்கள் நாங்கள். எங்கள் பாடல்களில் தப்பு என்ற தோற்பறையையும் காமன் கூத்து என்ற சடங்குக் கூத்தையும் சேர்க்கும் ஆசையில், முன்மாதிரி தேடிக் கேங் ஸ்டார் என்ற அமெரிக்க ராப் இரட்டையரின் தொகுப்புகளை வரிசையாகக் கேட்டு வருகிறேன். ராப் பாடிய குருவும் இசை அமைத்த டீஜே பிரீமியரும் ஜாஸையும் ஹிப்ஹொப்பையும் இணைத்தவர்கள் என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால், 1989 இல் வந்த முதல் தொகுப்பில் பளிச்செனக் கேட்கும் ஜாஸ், 1994 இல் வந்த ‘ஹார்ட் டு ஏர்ன்’ தொகுப்பில் பெரும்பாலும் உள்ளே போய் மறைந்துவிடுகிறது. அப்படியென்றால் இவர்களுடைய கொடை ஜாஸைச் சேர்த்தது மட்டும்தானா? பழைய இசையை எடுத்தாள விரும்பும் எங்களைப் போன்றவர்கள் இவர்களிடம் எதைக் கற்க வேண்டும்?

பண்டாரவளை வாசகர்:
தம்பி, நீங்கள் கவனித்தது மிகச் சரி. அந்த மறைவில்தான் அவர்களுடைய வளர்ச்சியே இருக்கிறது என்பது என் கருத்து. தொடக்கத்தில் வந்த ‘வேர்ட்ஸ் ஐ மேனிஃபெஸ்ட்’ பாடலில் ‘எ நைட் இன் டுனீசியா’ என்ற ஜாஸ் இசையை ஜாஸ் தெரிந்த எவரும் உடனே இனங்கண்டுகொள்வார். 1990 இல் ஸ்பைக் லீயின் ‘மோ பெட்டர் ப்ளூஸ்’ திரைப்படத்துக்காக சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸுடன் சேர்ந்து செய்த ‘ஜாஸ் திங்’ பாடலில் ஜாஸின் வரலாறே பாடுபொருள் ஆகிவிட்டது. அதே வழியில் அவர்கள் வசதியாகத் தொடர்ந்திருக்கலாம். மாறாக, ‘ஸ்டெப் இன் தி அரீனா’, ‘டெய்லி ஒபரேஷன்’ என்று அடுத்தடுத்த தொகுப்புகளுக்கு நகர நகர, பழைய இசைத்தட்டுகளிலிருந்து பிரீமியர் வெட்டி எடுக்கும் துணுக்குகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. ‘மாஸ் அப்பீல்’ பாடலைக் கேளுங்கள்: விக் ஜூரிஸ் என்ற ஜாஸ் கித்தார் கலைஞரின் பதிவொன்றிலிருந்து எடுத்த சில சுரங்களே முதலிலிருந்து முடிவுவரை சுழல்கின்றன, அதன் கீழே கனத்த டிரம் ஒலி, பல்லவி வரவேண்டிய இடத்தில் வேறு ராப் இசைத்தட்டொன்றின் வரியை அவர் கையால் உரசி எழுப்பும் குரல். யாரும் பாடாத அந்தப் பல்லவிதான் பிரீமியரின் கையொப்பம்.

அந்தச் சிக்கனத்துக்கு ஈடுகொடுத்தது குருவின் குரல். அவர் உரத்துப் பேசுவதில்லை. ஒரே சுருதியில், பக்கத்தில் அமர்ந்து விளக்கம் சொல்லும் மூத்தவரைப் போலச் சொல்லிச் செல்கிறார். எல்லாவற்றிலும் முக்கியமானது குரல்தான் என்று ‘மோஸ்ட்லி த வொய்ஸ்’ என்ற பாடலையே அவர் எழுதினார். பிரீமியரின் முறை பிறகு நாஸ், ஜே-ஸீ, பிகி என ராப் கலைஞர்கள் பலருடைய தொகுப்புகளிலும் பரவியது. நாஸின் ‘இல்மேட்டிக்’ தொகுப்பில் ‘நியூயோர்க் ஸ்டேட் ஒஃப் மைண்ட்’ பாடலை அச்சுறுத்தலாக ஒலிக்கச் செய்யும் பியானோவும் ஜோ சேம்பர்ஸ் என்ற ஜாஸ் கலைஞரின் பதிவிலிருந்து வந்ததே. பழைய இசையை ஆபரணமாகத் தொங்கவிடாமல், அதில் ஒரு கணத்தைத் தேர்ந்து பாடலையே அதன்மேல் கட்டியெழுப்பும் துணிவைத்தான் நீங்கள் கற்க வேண்டும்.

தலவாக்கலை வாசகர்:
அண்ணா சொல்வதில் பாதியை மட்டுமே ஏற்கிறேன். குரு 1993 இல் தனியாக வெளியிட்ட ‘ஜாஸ்மெட்டாஸ்’ தொகுப்பை விட்டுவிட்டு இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. அதில் டொனல்ட் பேர்ட் டிரம்பெட் வாசித்தார். ரோய் அயர்ஸ், லொனி லிஸ்டன் ஸ்மித் போன்ற ஜாஸ் மூத்தவர்கள் ஸ்டூடியோவுக்கே வந்து தங்கள் பெயருடன் பங்கேற்றார்கள். துணுக்காக வெட்டப்பட்ட கலைஞருக்கும், எதிரே நின்று வாசித்த கலைஞருக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல. எங்கள் தோட்டங்களில் தப்படிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போது இணையத்தில் கிடைக்கும் ஏதோவொரு பதிவை வெட்டி ஒட்டுவது எனக்கு உவப்பாக இல்லை.

புசல்லாவை வாசகர்:
கேங் ஸ்டாரை நான் அதிகம் கேட்டதில்லை, ஆனால் எங்கள் குடும்பத்தில் தப்படிக்கிறோம் என்பதால் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். அந்தக் காலத்தில் விடியலில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அழைத்ததும் தப்புத்தான், காமன் கூத்தை நடத்துவதும் தப்புத்தான், சாவு வீட்டில் ஒலிப்பதும் தப்புத்தான். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. எந்த அடி எதற்கு உரியது என்று கேட்காமல், சாவுக்கான அடியைக் கொண்டாட்டப் பாடலில் வைத்துவிடாதீர்கள். தப்படித்தவர்களைச் சாதியின் பெயரால் ஒதுக்கிய ஊர்களே இங்கு அதிகம். ஆகவே தலவாக்கலைத் தம்பி சொன்னபடி, அடிப்பவருடைய பெயரைப் பாடலின் முகப்பில் போடுங்கள், அவருக்குரிய பணத்தையும் கொடுங்கள்.

ஹட்டன் வாசகர்:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. வரும் மாசியில் காமன் கூத்து நடக்கும்போது, கலைஞர்களின் சம்மதத்துடன் நேரடியாகப் பதிவு செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். அந்தப் பதிவிலிருந்து சிறு துண்டுகளை எடுத்துப் பிரீமியரின் முறையில் கட்டிப் பார்ப்போம். தப்பைப் பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

புசல்லாவை வாசகர்:
தோலை நெருப்பில் காய்ச்சி எடுத்தவுடன் ஒலி கூர்மையாக இருக்கும், பனியில் நிற்க நிற்கத் தளர்ந்துவிடும். ஆகவே காய்ச்சிய கையோடு பதிவு செய்யுங்கள். மைக்கைத் தோலுக்கு நேரே நெருக்கி வைத்தால் ஒலி உடைந்துவிடும். சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். அடிப்பவரை ஒரே அடியைத் தனியாகச் சில நிமிடங்கள் அடிக்கச் சொல்லுங்கள், பிறகு துண்டு தேர்வதற்கு அது உதவும்.