மின்போர்வையைப் பாய் மாதிரிச் சுருட்டுங்கள்

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொண்ட மறுநாளே பள்ளத்தூர்ப் பங்காளி வீட்டில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பேத்தி ஜனவரியில் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறாள். வளவில் பாய் விரித்து சீப்புச்சீடை டப்பா, சாம்பார்ப்பொடி, வற்றல் எல்லாம் பரப்பியிருந்தது. பெட்டியின் அடியில் ஒரு மின்போர்வை, கரண்டில் மாட்டினால் சூடாகிற போர்வை, டெல்லியில் இருக்கும் மாமா வாங்கி அனுப்பியது. அதை எட்டாக மடித்து, மேலே இடிகல்லை வைத்திருந்தார்கள். நான் இங்கிலாந்தில், லீட்ஸில் 14 வருஷம் குளிர் பார்த்தவள். யாரையும் கேட்காமல் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அவளுடைய அப்பத்தாவுக்கு முகம் சுண்டிப்போனது. அவர்களுக்கு உட்கார்ந்து சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து கிளம்புகிற மற்றப் பிள்ளைகளுக்கும் ஆகும்.

முதலில், இங்கிருந்து மின்போர்வை கொண்டுபோகாதீர்கள். இங்கிலாந்துக்கு வோல்ட்டேஜ் ஒத்துப்போகும், இரண்டு இடத்திலும் 230தான். அமெரிக்கா, கனடா என்றால் 120, ஜப்பான் 100. அங்கே நம்ம ஊர்ப் போர்வை சூடே ஏறாது. அங்கே வாங்கியதை இங்கே சொருகினாலோ கருகிவிடும். வோல்ட்டேஜ் ஒத்துப்போகிற நாட்டிலும் பிளக் வேறு. இங்கிலாந்து பிளக்குக்குள்ளேயே ஒரு பியூஸ் இருக்கும், மின்போர்வை மாதிரிச் சின்ன சாமானுக்கு 3 ஆம்பியர். நம்ம ஊர் பிளக்கை அடாப்டரில் மாட்டினால் அந்த அளவான காவல் இருக்காது. தூங்குகிற இடத்தில் அடாப்டரை நம்ப வேண்டாம். போய்ச் சேர்ந்து அங்கேயே புதிதாக வாங்குங்கள். பாதுகாப்பு முத்திரை முக்கியம்: இங்கிலாந்தில் பி.இ.ஏ.பி. (BEAB), அமெரிக்காவிலும் கனடாவிலும் யு.எல். (UL) அல்லது இ.டி.எல். (ETL), ஆஸ்திரேலியாவில் ஆர்.சி.எம். (RCM) இருக்கிறதா என்று அட்டைப்பெட்டியில் மட்டுமல்ல, போர்வையில் தைத்திருக்கும் துணிச்சீட்டிலும் பாருங்கள்.

பழையது வாங்காதீர்கள். வாடகை வீட்டு அலமாரியில் முன்னால் இருந்தவர் விட்டுப்போன போர்வை கிடந்தால் அதையும் விரிக்காதீர்கள். 10 வருஷம் ஆனதைத் தூக்கிப்போட வேண்டும் என்பது அங்கே தீயணைப்புத் துறையே சொல்வது. விட்டுப்போனதற்கு எத்தனை வயது என்று நமக்கு எப்படித் தெரியும்?

இனி, நான் செய்த தப்பைச் சொல்கிறேன். லீட்ஸுக்குப் போன இரண்டாம் வருஷம் ஏப்ரலில் குளிர் விட்டதும் மின்போர்வையைப் பட்டுச்சேலை மடிக்கிற மாதிரி ஓரம் பிசகாமல் மடித்து, அலமாரியில் கனமான ரஜாய்களுக்கு அடியில் வைத்தேன். நவம்பரில் எடுத்து விரித்தேன். மூன்றாம் நாள் ராத்திரி, வேட்டிமேல் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தால் வருமே, அந்த வாசனை. விரிப்பை உரித்துப் பார்த்தால் கால்மாட்டில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்பாக ஒரு வட்டம். அந்த இடத்தை விரலால் தடவினேன். மற்ற இடத்தில் கம்பி வழவழவென்று ஓடுகிறது, அங்கே மட்டும் ஒடிந்து முள் மாதிரிக் குத்தியது. சரியாக மடிப்பு விழுந்த கோடு அது. உள்ளே ஓடுவது மெல்லிய கம்பி. மடித்து மடித்து ஒரே இடத்தில் வளைத்தால் முறியும், முறிந்த இடத்தில் சூடு குவியும். நான் விழித்திருந்ததால் தப்பித்தேன்.

அதனால் அதைச் சேலையாக நினைக்காதீர்கள், கோரைப்பாயாக நினையுங்கள். நாம் பாயை மடிப்பதில்லையே, தளர்வாகச் சுருட்டித்தானே மூலையில் நிறுத்துகிறோம்? அப்படியே சுருட்டுங்கள், மேலே எதையும் ஏற்றாதீர்கள். மறு குளிருக்கு எடுக்கும்போது வெளிச்சத்தில் முழுவதும் விரித்து, உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பாருங்கள். கருகல், ஈரக்கறை, நூல் பிரிந்த இடம், ஒன்றின்மேல் ஒன்று ஏறிய கம்பி, எது தட்டுப்பட்டாலும் குப்பைக்குத்தான். தைத்துச் சரிசெய்ய வேண்டாம், ஊக்கும் குத்த வேண்டாம்.

விரிக்கிற முறை. இங்கிலாந்தில் பெரும்பாலும் விற்பது மெத்தைமேல் விரித்து, அதற்குமேல் விரிப்புப் போட்டுப் படுக்கிற வகை. மேலே போர்த்திக்கொள்கிற வகை தனி. ஒன்றை மற்றதற்குப் பதிலாகப் பயன்படுத்தக் கூடாது. மெத்தையில் சுருக்கம் இல்லாமல் நாலு மூலையும் கட்டிவிடுங்கள். ஃபோம் மெத்தை என்றால் மெத்தைக்காரர் மின்போர்வை போடலாம் என்று எழுதியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வயரைச் சுவர் சாக்கெட்டில் நேராக மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் வேண்டாம்.

படுப்பதற்கு அரை மணி முன்னால் சுவிட்சைப் போடுங்கள். பல் தேய்த்து, ஊருக்குப் போன் பேசி முடிப்பதற்குள் படுக்கை இதமாகிவிடும். அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் படுங்கள். சூடாக்க வேண்டியது படுக்கையை, உடம்பை இல்லை. ராத்திரி முழுக்கப் போடலாம் என்று தயாரிப்பாளரே எழுதிய, தானே அணைகிற வகையும் உண்டு. இருந்தாலும் நான் அணைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். டூவே என்கிற தடித்த மெத்துப் போர்வைக்குள் சேர்ந்த சூடே விடிகிறவரை தாங்கும். கரண்டு பில் பயம் வேண்டாம். 100 வாட் போர்வை 10 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். 2,000 வாட் ஹீட்டர் அரை மணியில் அதைத் தின்றுவிடும். அதற்காக அறை ஹீட்டிங்கையே நிறுத்திவிடாதீர்கள், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். பெரியவர்கள் இருக்கிற அறையாவது 18 டிகிரிக்குக் குறையக் கூடாது.

ஊரிலிருந்து பெரியவர்கள் வரும்போதுதான் எனக்குப் பயமே. எங்கள் ஆத்தா வந்திருந்தபோது, “குளிருது, அணைக்காதே” என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ஆத்தாவுக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு. காலையில் காலுறையைக் கழற்றினால் குதிகாலில் நெல்லிக்காய் அளவு கொப்புளம். “சுடவே இல்லையே ஆத்தா” என்கிறார்கள். அது ஆற ஏழு வாரம் ஆனது. தொட்டால் இதமாகத் தெரிகிற 44 டிகிரிகூட ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் பட்டால் தோலைச் சுட்டுவிடும். சர்க்கரையில் கால் மரத்தவர்கள், கைக்குழந்தைகள், சுவிட்சைத் தானாக அணைக்க முடியாதவர்கள் இருந்தால், படுக்கையைச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அப்புறம்தான் அவர்களைப் படுக்க வையுங்கள். குளிருக்குத் தோல் வெடிக்கிறது என்று பாரஃபின் கலந்த களிம்பு தடவுகிறவர்கள் விரிப்பை அடிக்கடி துவைக்க வேண்டும். அது ஊறிய துணி சட்டென்று பற்றும்.

மின்போர்வைமேல் தண்ணீர் கொட்டிவிட்டால், சுவிட்சைப் போட்டுக் காயவைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, விரித்து, முழுக்கக் காயட்டும்.

“அப்ப முதல் ராத்திரி பிள்ளை என்ன செய்யும்?” என்று அப்பத்தா கேட்டார்கள். நியாயமான கேள்வி. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கைப்பையிலேயே இருக்கட்டும். இறங்கிய அன்றைக்கே ஒரு ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கிவிடலாம். அதன் கழுத்துப் பக்கம் பூ மாதிரி ஒரு அச்சு இருக்கும், நடுவில் இருப்பது செய்த வருஷம். புதியதாகப் பார்த்து வாங்க வேண்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கொஞ்சம் ஆறியதை முக்கால் பைக்கும் குறைவாக ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடி, துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைக்கலாம். மின்போர்வை வாங்கிய பிறகு இரண்டையும் ஒரே படுக்கையில் வைக்கக் கூடாது. இதைக் கேட்டதும் அப்பத்தா எழுந்துபோய்த் தன் பழைய காஷ்மீர்ச் சால்வையை எடுத்துவந்து, போர்வை இருந்த இடத்தில் வைத்தார்கள்.