‘த்ரோ’வுக்கு எட்டமா, வீச்சா?

காரைக்குடியிலிருந்து, தொகுப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

கைவிளக்குச் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ‘டார்ச் லைட்’டுக்கு எழுத்தில் கைவிளக்கு என்றே வைத்தாயிற்று. பேச்சில் டார்ச் இருந்துவிட்டுப் போகட்டும். ஒளி எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்லும் ‘த்ரோ’, எவ்வளவு அகலமாக விழும் என்பதைச் சொல்லும் ‘ஃப்ளட்’ என்ற இரண்டு சொற்கள்தான் இன்னும் படியவில்லை.

இவை இரண்டும் இல்லாமல் பட்டியலை வெளியிடுவதில் பயனில்லை என்று நினைக்கிறேன். கடைக்குப் போகிறவர் “பவர் எவ்வளவு?” என்று கேட்கிறார். கடைக்காரர் வாட் கணக்கோ லூமன் கணக்கோ சொல்கிறார். லூமன் என்பது விளக்கின் வாயிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. அது எங்கே போய் விழும் என்று அந்த எண் சொல்லாது. ஒரே 300 லூமனை அகன்ற வில்லை வழியாக விட்டால், ஒரு திசையில் போகும் ஒளியின் செறிவு 1,000 கேண்டிலா அளவில் நிற்கும். வெளிச்சம் 63 மீட்டர் போகும். ஆழமான பிரதிபலிப்பான் வைத்துக் குவித்தால் 10,000 கேண்டிலா கிடைக்கும். 200 மீட்டர் போகும். மொத்த ஒளி ஒன்றுதான், ஆனால் வேலை வேறு. கண்மாய்க் கரையில் அக்கரையைப் பார்க்க வேண்டியவரும், மின்வெட்டில் வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுக்குப் போக வேண்டியவரும் ஒரே விளக்கை வாங்கக் கூடாது. இதைக் கேட்க ஒரு சொல் கையில் இல்லாததால்தான், பெட்டியில் பெரிய எண் போட்டிருப்பதை வாங்கி வருகிறார்கள்.

என் முன்மொழிவு: த்ரோ – வீச்சு, ஃப்ளட் – பரவல். கருத்துச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து, இயற்பியல் ஆசிரியர்

> த்ரோ – வீச்சு, ஃப்ளட் – பரவல்

ஐயா, இரண்டையும் ஏற்க முடியவில்லை. வீச்சு என்றால் மாணவர்களுக்கு அலையின் வீச்சு. புள்ளியியல் பாடத்தில் பெரிய மதிப்புக்கும் சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடும் வீச்சுதான். பரவலும் அப்படியே, நிகழ்தகவுப் பரவல் என்று ஏற்கெனவே குடியேறிவிட்டது. ஒளியைப் பற்றிய பாடத்திலேயே வீச்சு இரண்டு பொருளில் வந்தால் பிள்ளைகள் திண்டாடுவார்கள்.

‘எட்டம்’ என்று வைக்கலாமே? “எட்டத்துல நிக்கிறான்” என்பது பேச்சு வழக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் என்கிறோம். ஒளி எட்டுவது எட்டம், சுற்றிலும் படர்வது படர்வு. கொடி படர்வதுபோல் பக்கத்தில் இருப்பதையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும் ஒளிக்கு அது பொருந்தும்.

வரையறையைத் தெளிவாக எழுதிவிடுவோம். கைவிளக்குகளுக்கான எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர அளவையில், ஒரு பரப்பில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்வரை உள்ள தொலைவே கணக்கு. அது தெளிந்த வானத்து முழுநிலவு வெளிச்சம் அளவு. ஒளிச்செறிவு கேண்டிலாவில் தெரிந்தால் அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும். 2,500 கேண்டிலாவின் வர்க்கமூலம் 50, எனவே 100 மீட்டர். எட்டத்தை இரண்டு மடங்காக்க ஒளிச்செறிவை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் வெளிச்சம் குறைவதால் வருவது இது.

தேவகோட்டையிலிருந்து, பழுது பார்ப்பவர்

எட்டம் நல்ல சொல் அண்ணே. கடையில் “இது எட்டம் கூடினது, அது படர்வு கூடினது” என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

வரையறையோடு ஒன்று சேர்க்க வேண்டும். முழுநிலவு வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், ஆள் யார் என்று தெரியாது. பெட்டியில் 100 மீட்டர் போட்டிருந்தால் 50 மீட்டரில் 1 லக்ஸ்தான் விழும். உருப்படியாகப் பார்க்கக் கிடைப்பது அந்தப் பாதித் தூரம். பெட்டிக்குரியதை ‘எட்டம்’ என்றும், பாதியைப் ‘பயன் எட்டம்’ என்றும் பிரித்து எழுதுங்கள்.

வீட்டிலேயே அளக்கலாம். நம் செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு வாசல் நிலையில் நின்றால் வளவு (முற்றம் உள்ள பகுதி), இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல்வரை நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். இதைவிட நல்ல அளவுக்கூடம் கிடையாது. இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, 5 மீட்டரை நாடாவால் அளந்து, அங்கே கைபேசியை லக்ஸ் காட்டும் செயலியோடு நிமிர்த்தி வையுங்கள். ஒளியின் நடுப்பகுதி கைபேசியின் முன்பக்க உணரி மேல் விழ வேண்டும். வரும் எண்ணை 25-ஆல் பெருக்கினால் கேண்டிலா. 100 லக்ஸ் காட்டினால் 2,500. கைபேசி உணரி துல்லியமானதல்ல, ஆனால் ஒரே கைபேசியில் இரண்டு விளக்குகளை ஒப்பிட இது போதும். விளக்கு எரியத் தொடங்கி 30 வினாடி கழித்தே அளக்கவும். தரஅளவையிலும் அப்படித்தான். முதல் சில வினாடிகள் பளிச்சென்று எரிந்துவிட்டு மங்கும் விளக்கு இதில் அகப்பட்டுக்கொள்ளும்.

பள்ளத்தூரிலிருந்து

எட்டத்தையே எல்லோரும் பேசுகிறீர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு விளக்கு என்றால் முதலில் வேண்டியது படர்வு. எட்டம் கூடிய விளக்கைப் பொருள்வைக்கும் அறையில் அடித்தால் சுவரில் ஒரு வெள்ளைப் பொட்டு கண்ணைக் கூசும், காலடியில் இருக்கும் பாத்திரம் தெரியாது.

அந்த நடு வெளிச்சத்துக்குச் சொல் இன்னும் வரவில்லை. ‘ஹாட்ஸ்பாட்’ என்றால் இப்போது எல்லோருக்கும் கைபேசி இணையம்தான். நடுப்பொட்டு என்று வைக்கலாம். அதைச் சுற்றி விழும் மங்கிய வட்டம் சுற்றொளி. இந்த இரண்டும் இருந்தால் எட்டம், படர்வு இரண்டையும் விளக்கிவிடலாம்: நடுப்பொட்டு சிறுத்து இறுகினால் எட்டம், நடுப்பொட்டு கரைந்து சுற்றொளியோடு கலந்தால் படர்வு. பிரதிபலிப்பானை உற்றுப் பார்த்தாலே எது என்று தெரியும். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் நடுப்பொட்டு இறுகும். ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாக இருந்தால் விளிம்பு கரையும்.

மேற்கூரையில் அடித்து அறை முழுக்க வெளிச்சம் பெறுவது என்று வெளியூர்க் குறிப்புகளில் எழுதுகிறார்கள். நம் வீடுகளில் அது பலிக்காது. பர்மாத் தேக்குப் பலகை அடித்த கூரை ஒளியை விழுங்கிவிடும். விளக்கைச் சாய்த்து வைத்து, மெருகேற்றிய வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் படும்படி விடுங்கள், அறை நிறைந்துவிடும். தலைகீழாக நிற்கும் தட்டை அடிப்பாகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

நிறம் பற்றிய சொல்லையும் மறந்துவிட்டோம். நீலம் கலந்த வெள்ளையாக எரியும் மலிவான 6,500 கெல்வின் விளக்கை ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பில் அடித்துப் பாருங்கள், செங்கல் பொடி மாதிரி வெளிறித் தெரியும். பூக்கோலத்தின் ஓரத்தில் ஓடும் மஞ்சள் கோடு வெள்ளையோடு கலந்துவிடும். 4,000 கெல்வின் அளவில், நிறங்காட்டும் எண் (சிஆர்ஐ) 90-க்கு மேல் உள்ள விளக்கில் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். இது அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. செம்மண்ணில், சருகுக்கு நடுவே கண்ணாடிவிரியன் கிடந்தால் பழுப்பிலிருந்து பழுப்பைப் பிரித்துக் காட்டுவது இந்தக் குணம்தான். நிற மெய்ம்மை என்று சொல்லலாமா?

கானாடுகாத்தானிலிருந்து

நடுப்பொட்டுக்கு மறுப்பே இல்லை ஆச்சி. நிற மெய்ம்மையும் சரி.

எரியும் நேரத்துக்கு வருவோம். பெட்டியில் உள்ள ‘ரன்டைம்’, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஓடும் கணக்கு. 300 லூமனில் தொடங்கி 30 லூமனில் முடிந்தாலும் அது முழு நேரமாக எழுதப்படும். வாங்குபவருக்குப் பயன்படுவது பாதி வெளிச்சம்வரை ஓடும் நேரம். அரைமங்கல் நேரம் என்று புதிதாகவே ஒன்று வைப்போம். கதிரியக்கத்தில் அரை ஆயுட்காலம் படித்தவர்களுக்கு உடனே விளங்கும், படிக்காதவர்களுக்கும் ‘மங்குது’ தெரிந்த சொல்.

பொய் எண்ணைப் பிடிக்க ஒரு கணக்கு. 3,000 மில்லி ஆம்பியர்-மணி உள்ள 18650 என்ற அளவு (18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம்) லித்தியம் மின்கலம், 3.6 வோல்ட்டில், ஏறத்தாழ 11 வாட்-மணி. நல்ல எல்இடி கைவிளக்கு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். ஆக மொத்தக் கையிருப்பு 1,100 லூமன்-மணி. 300 லூமன் என்றால் மூன்றரை மணி நேரம் எதிர்பார்க்கலாம். 2,000 லூமன் பத்து மணி நேரம் என்று பெட்டி சொன்னால் அதற்கு 20,000 லூமன்-மணி வேண்டும். ஒரு மின்கலத்தில் அது நடக்காது.

தேவகோட்டையிலிருந்து

மின்கலத்துக்கு ‘கட்டை’ என்பதையும் வழக்குச் சொல்லாகப் பதிவு செய்யுங்கள். ‘ரெண்டு கட்டை லைட்டு’, ‘மூணு கட்டை லைட்டு’ என்றுதான் ஊரே கேட்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்கும் ஊர் காரைக்குடி. மின்கலச் சொற்களை நாம் அலட்சியமாக விடக் கூடாது.

ஆயிரம் ரூபாய்க்குள் பொதுவான விளக்கு கேட்பவருக்குப் பட்டியலின் பின்னிணைப்பில் இதை எழுதலாம்.

சின்னப் பென்சில் கட்டை மூன்றைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து எரியும் மலிவு வகையைத் தவிர்க்கவும். மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட் நேரே எல்இடிக்குப் போகும். புதுக் கட்டையில் கண்ணைப் பறிக்கும், அடுத்த அரைமணியிலேயே தளரும். கூட்டில் ஆறு தொடுமுனைகள், அதில் ஒன்று துருப்பிடித்தாலும் விட்டு விட்டு எரியும். ஒற்றைப் பென்சில் கட்டை போடும் விளக்கு அதைவிட மேல். வெள்ளை எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். 1.5 வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சுற்று உள்ளே இருந்தே ஆக வேண்டும், அதனால் 1.2 வோல்ட் ரீசார்ஜ் கட்டையும் அதில் நன்றாக எரியும். இரண்டு கட்டை விளக்கில் ஏற்றுச் சுற்று இல்லாவிட்டால் ரீசார்ஜ் கட்டைகளின் 2.4 வோல்ட்டில் மினுங்கிக்கொண்டிருக்கும். கடையில் பழைய கட்டை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 18650 ஒன்று போடும் அலுமினிய விளக்கு. கட்டை தனியாக வாங்கும்போது எடை போடுங்கள். உண்மையானது 45 கிராம் அளவில் இருக்கும். மேலுறையில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டு முப்பது கிராமே இருந்தால் உள்ளே பாதி காலி. இந்த அளவு மின்கலத்தில் 3,600-க்கு மேல் கண்டால் வைத்துவிடுங்கள். பாதுகாப்புச் சுற்று ஒட்டியது 65 மில்லிமீட்டருக்குப் பதில் 69 வரை நீளும். சில விளக்குகளில் மூடி திருகாது. யூஎஸ்பி-சி துளை இருந்தும் இருபுறமும் ‘சி’ முனை உள்ள கம்பியில் ஏறாவிட்டால், உள்ளே 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். பழைய அகல முனைக் கம்பியில் ஏறும்.

நேரே சுவர் பிளக்கில் செருகும் மலிவு வகையில் பெரும்பாலும் மின்மாற்றி இருக்காது. ஒரு மின்தேக்கிதான் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். செருகியிருக்கும்போது கண்ணாடி உடைந்திருந்தாலோ ஓடு பிளந்திருந்தாலோ கை படக் கூடாது, உயிருக்கு ஆபத்து. அதில் ஈய அமிலக் கட்டை இருந்தால், முழுக்க இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்கு 30 லூமன் போதும். படர்வுதான் முக்கியம். 300-ல் வைத்துக்கொண்டு நடந்தால் முன்னே போகிறவரின் நிழல் அவர் காலடியையே மறைக்கும்.

காரைக்குடியிலிருந்து, தொகுப்பாளர்

எட்டம், பயன் எட்டம், படர்வு, நடுப்பொட்டு, சுற்றொளி, நிற மெய்ம்மை, அரைமங்கல் நேரம் ஆகியவை பட்டியலில் ஏறிவிட்டன. வீச்சை நீக்கிவிட்டேன். அணைத்து வைத்திருக்கும்போதும் பொத்தானின் மின்னணுச் சுற்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டத்துக்கு ‘கசிவு’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

பள்ளத்தூரிலிருந்து

கசிவு வேண்டாம். கட்டை பொங்கி உள்ளே நீர் விடுவதைத்தான் எல்லோரும் கசிவு என்பார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் பராமரிப்புக் குறிப்பு தவறாகப் படிக்கப்படும். அணைந்த விளக்கு எடுத்துக்கொள்வதை ஓய்வுச் செலவு என்று எழுதுங்கள். மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் அது நின்றுவிடும், ஆனால் திருகுமரையில் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு பூச்சு (அனோடைசிங்) உள்ள விளக்குகளில் மட்டும். வெறும் அலுமினிய மரை என்றால் தளர்த்தினாலும் மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும், கட்டையைக் கழற்றித்தான் வைக்க வேண்டும்.

கசிவுக்கும் இரண்டு வகை எழுத வேண்டும். அல்கலைன் கட்டையின் வெள்ளைப் பொருக்கு காரம், எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போகும். பழைய வகைத் துத்தநாகக் கட்டையின் கசிவு அமிலம், அதற்குச் சமையல் சோடாக் கரைசல். மாற்றிப் போட்டால் பொருக்கும் போகாது, சுருள்வில்லின் பூச்சும் அரிக்கும்.