இரண்டு ஸ்ட்ரிங் ஸ்லைடு பேஸுக்குப் பிக்கப்: எந்தக் கம்பி, எத்தனை சுற்று?

ஸ்லைடுபேஸ்
மார்ஃபின் என்ற அமெரிக்க ராக் குழுவின் மார்க் சாண்ட்மன் வாசித்த வகையில், இரண்டே ஸ்ட்ரிங் போட்ட ஸ்லைடு பேஸ் (ஸ்ட்ரிங்கின்மேல் குழாயை நகர்த்தி வாசிக்கும் பேஸ் கிட்டார்) செய்துகொண்டிருக்கிறேன். ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) 34 இன்ச், ஃப்ரெட் கிடையாது, ட்யூனிங் டி–ஏ. பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தமும் செப்புச் சுருளும்) வரும் இடத்தில் ஸ்ட்ரிங் இடைவெளி 24 மி.மீ. கடைப் பிக்கப் எதிலும் காந்தங்கள் இதற்கு நேராக உட்காரவில்லை, அதனால் நானே சுற்றலாம் என்றிருக்கிறேன். 42 கேஜ் கம்பி, ஸ்ட்ரிங்குக்கு ஒரு நியோடிமியம் காந்தம், ஜாஸ் பேஸ் போல 8 கிலோ ஓம் வரும்வரை சுற்று. இது சரிவருமா? பாஸ்ஃபர் ப்ரான்ஸ் ஸ்ட்ரிங் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

செப்புச்சுருள்
ஸ்ட்ரிங்கை முதலில் முடித்துவிடுவோம்: வேண்டாம். ப்ரான்ஸ் சுற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு மட்டும்தான் சத்தம் தரும். நிக்கல் அல்லது ஸ்டீல் சுற்றிய எலெக்ட்ரிக் பேஸ் ஸ்ட்ரிங் வாங்குங்கள்.

அடுத்தது கம்பி. பிக்கப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லும் 42, அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. கம்பி அளவு, செம்பு மட்டும் 0.063 மி.மீ. நம்மூர் மோட்டார் வைண்டிங் கடையில் 42 என்று கேட்டால் பிரிட்டிஷ் அளவான எஸ்.டபிள்யூ.ஜி. 42-ஐ எடுத்துக் கொடுப்பார்கள், அது 0.1 மி.மீ. அதில் பாதிச் சுற்று போவதற்குள் பாபின் (கம்பி சுற்றும் சட்டம்) நிரம்பிவிடும். எஸ்.டபிள்யூ.ஜி. 46 என்று கேளுங்கள் (0.061 மி.மீ.). மோட்டாருக்கு இவ்வளவு மெல்லிசு தேவைப்படாது என்பதால் பல கடைகளில் இருக்காது. ரிலே, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிற இடத்தில் விசாரியுங்கள். 50 கிராம் இரண்டு காயிலுக்குத் தாராளம்.

8 கிலோ ஓம் கணக்கை மறந்துவிடுங்கள். சிக்னலைத் தருவது சுற்றுகளின் எண்ணிக்கையும் காந்தமும்தான். ஓம் என்பது கம்பியின் நீளத்தைத்தான் சொல்கிறது. உங்கள் பாபின் குட்டை. ஒரு சுற்று சராசரியாக 10 செ.மீ. வரும். 8,000 சுற்றுக்கு 800 மீட்டர், மீட்டருக்கு ஏறக்குறைய 5.9 ஓம், ஆக 4.7 கிலோ ஓம். அதுவே போதும். 8 கிலோ ஓமைத் துரத்தினால் 13,500 சுற்றைத் தாண்டும். மேல் சுரம் மங்கி, கம்பளி போர்த்தின மாதிரி கேட்கும்.

நியோடிமியம் ஸ்ட்ரிங்கை இழுத்துப் பிடிக்கும். சுருதி ஆடும், சத்தமும் சீக்கிரம் அடங்கும். ஸ்லைடில் சுருதி முழுக்கக் காதை நம்பித்தான், அங்கே இது பெரிய தொல்லை. 5 மி.மீ. விட்டம், 16 மி.மீ. நீளமுள்ள அல்னிகோ 5 (நியோடிமியத்தைவிட மெதுவாக இழுக்கும் காந்தக் கலவை) உருளைக் காந்தம், ஸ்ட்ரிங்குக்கு இரண்டு, ஸ்ட்ரிங்கின் இருபக்கமும் 5 மி.மீ. தள்ளி. பேஸ் ஸ்ட்ரிங் அகலமாக ஆடுவதால் ஒற்றைக் காந்தத்தின் நேர்மேலே தட்டல் சத்தம் தூக்கலாக விழும், இரண்டுக்கு நடுவில் அது தணியும்.

பாபினுக்கு, மேலும் கீழும் 2 மி.மீ. ஹைலம் ஷீட் (மின்சாரம் கடத்தாத கெட்டி அட்டை), 53 × 18 மி.மீ., நடுவில் சுற்றுவதற்கு 11 மி.மீ. உயரம். கம்பி அறுவது பெரும்பாலும் ஷீட்டின் ஓரத்தில்தான். உள்விளிம்பை 400 உப்புத்தாளால் மழுக்குங்கள். காந்தங்களைச் சுற்றி ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டுத்தான் கம்பியை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் எனாமல் உரசி ஷார்ட் ஆகும். விரல் நுனியில் ஃபெல்ட் துண்டு வைத்து, கம்பி தளராத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும்.

ஹம்ஒழி
கம்பி, காந்தம் எல்லாம் மேலே சொன்னபடியே இருக்கட்டும். ஆனால் ஒற்றைக் காயில் என்றால் ட்யூப்லைட் சோக் பக்கத்தில் போனாலே இரையும். இரண்டே ஸ்ட்ரிங் இருக்கும்போது ஏன் அந்த அவஸ்தை? 1957-இல் ஃபெண்டர் கம்பெனியின் பிரிசிஷன் பேஸில் வந்த பிளவுக் காயில் இதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கிறது: ஸ்ட்ரிங்குக்கு ஒரு காயில், இரண்டும் சீரீஸில். ஒன்றில் வடதுருவம் மேலே, மற்றதில் தென்துருவம் மேலே, சுற்றும் எதிர்த்திசையில்.

ஒவ்வொன்றிலும் 8,000 சுற்று போடுங்கள். சுற்று சுமார் 5 செ.மீ. என்பதால் காயிலுக்கு 2.4 கிலோ ஓம், சேர்த்தால் 4.8. வால்யூம் பாட் 250 கே, டோனுக்கு 47 நானோஃபாரட் கெப்பாசிட்டர்.

ஸ்லைடுபேஸ்
காகிதத்தில் வரைந்து பார்த்தேன். காந்தங்கள் 15 மி.மீ., இரு பக்கமும் சுற்று 5, 5. ஆக ஒரு காயிலே 25 மி.மீ. அகலம். 24 மி.மீ. இடைவெளியில் இரண்டும் முட்டுகிறதே?

ஹம்ஒழி
முட்டத்தான் செய்யும். பிரிசிஷனில் இருப்பது போல ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே தள்ளி வையுங்கள். ஃபெண்டரில் தடித்த ஸ்ட்ரிங்குகளின் பாதி நெக் பக்கம் இருக்கும். ஸ்லைடுக்கு அதைத் திருப்பிப் போட்டு, டி ஸ்ட்ரிங்கின் காயிலைப் பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோவது என் சிபாரிசு. கீழ்ச்சுரம் குழையாமல் தெளிவாக வரும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. சாதாரண ஹம்பக்கரில் (இரண்டு காயிலும் எல்லா ஸ்ட்ரிங்கையும் கேட்கும் இரைச்சல் நீக்கும் பிக்கப்) ஒயர் மாறினால் சத்தம் மெலிந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஒரு ஸ்ட்ரிங்கை ஒரு காயில்தான் கேட்கிறது, அதனால் மாறினாலும் வாசிப்பில் தெரியாது, இரைச்சல் மட்டும் இரட்டிப்பாகும். ஆம்ப்பில் போட்டு ஒரு அடாப்டரை அருகே காட்டுங்கள். ஒற்றைக் காயிலைவிட இரைச்சல் கூடினால் ஏதாவது ஒரு காயிலின் இரு முனைகளை மாற்றிப் பற்றவையுங்கள். துருவத்தை முன்பே சரிபாருங்கள். டி–ஏ ட்யூனிங்கில் பெரிதாகத் தெரியாவிட்டாலும், நாளைக்கு இரண்டையும் ஒரே சுரத்துக்கு ஏற்றிச் சேர்த்து மீட்டினால் அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும்.

செப்புச்சுருள்
மெழுகு ஏற்றாமல் விடாதீர்கள். தளர்ந்த சுற்று ஆம்ப் சத்தத்தில் அதிர்ந்து கீச்சிடும். பாரஃபின் 80, தேன்மெழுகு 20 சதவீதம். பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து 65 டிகிரியில் உருக்கி, குமிழி நிற்கும்வரை காயிலை மூழ்க வையுங்கள். நேரடித் தீ கூடவே கூடாது, மெழுகு பற்றிக்கொள்ளும். அதற்கு முன் மல்ட்டிமீட்டரில் ஓம் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் மெழுகுக்குப் பிறகு பிரிப்பது நரகம்.

பிரிட்ஜிலிருந்து ஒரு எர்த் ஒயர் ஜாக்கின் கிரவுண்டுக்குப் போகட்டும். காந்தத்துக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இடைவெளி, தடித்த ஸ்ட்ரிங்குக்கு 4 மி.மீ., மெல்லியதற்கு 3 மி.மீ. என்று தொடங்கி, இரண்டின் சத்தமும் சமமாகும்வரை திருகாணியில் சரிசெய்துகொள்ளலாம்.