பிபிபிஓஈ சர்வர் ராத்திரி 9 மணிக்குத் திணறுது: டிபிடிகேவுக்கு மாறலாமா?

காட்பாடி_கேபிள்:
காட்பாடி, குடியாத்தம் சேர்த்து 3,000 பிபிபிஓஈ (கஸ்டமர் லாகின் பண்ணி நெட் எடுக்கிற முறை) கனெக்‌ஷன். லினக்ஸ், 8 கோர், இன்டெல் எக்ஸ்520 10 ஜி கார்டு, நாட்டும் (பல கஸ்டமருக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்றது) இதிலேயே. 5 ஜிபிபிஎஸ் தாண்டினா பிங் 200 மில்லிசெகண்டுக்கு எகிறுது. டாப்பில் கேசாஃப்ட்ஐஆர்க்யூடி/0 (கோர் 0-ல் பாக்கெட் வேலை பார்க்கிற கெர்னல் த்ரெட்) மட்டும் 100%, மத்த ஏழு கோரும் 30%கூட இல்ல. கெர்னலை ஒதுக்கிட்டு, கார்டிலிருந்து பாக்கெட்டை ப்ரோகிராமே நேரா எடுக்கிற டிபிடிகே போட்டா சரியாகுமா?

பாலாறு64:
ஆகாது. உங்க கார்டின் ஆர்எஸ்எஸ், ஐபியும் போர்ட்டும் பார்த்துத்தான் பாக்கெட்டை க்யூ க்யூவா பிரிக்கும். பிபிபிஓஈ உறைக்குள்ள இருக்கிற ஐபி அதுக்குத் தெரியாது. கஸ்டமர் பக்கமிருந்து வர்றதெல்லாம் க்யூ 0-லயே விழும். கார்டு கவுன்ட்டரைக் காட்டுற ஈத்டூல் -எஸ் அடிச்சுப் பாருங்க, ஆர்எக்ஸ் க்யூ 0 கவுன்ட்டர் மட்டும் ஓடும். அங்க ஏசிகே (டேட்டா வந்துடுச்சுன்னு கஸ்டமர் பக்கம் அனுப்புற பதில்) தேங்கினா டவுன்லோடும் தளரும். டிபிடிகே போட்டாலும் கார்டு அதே கார்டுதானே!

பாக்கெட்டை கோர் கோரா கெர்னலே பிரிக்கிற ஆர்பிஎஸ் போதும். கஸ்டமர் பக்க இன்டர்ஃபேஸில், ஆர்எக்ஸ்-0-க்குக் கீழ இருக்கிற ஆர்பிஎஸ்-சிபியூஸ் ஃபைலில் எஃப்ஈ-னு எழுதுங்க. கோர் 0 தவிர ஏழுக்கும் வேலை போகும். கெர்னல் உறையைப் பிரிச்சு உள் ஐபியைப் பார்க்கும். ரீபூட்ல இது அழிஞ்சிடும், ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டில் சேர்த்துடுங்க.

டிபிடிகேயோட கணக்கே வேற, பாக்கெட் எண்ணிக்கை ரொம்ப எகிறுற இடத்துக்கு அது. 10 ஜிபிபிஎஸ்ஸில் முழுக்க 64 பைட் பாக்கெட்னா செகண்டுக்கு 1.488 கோடி, ஒண்ணுக்கு 67.2 நானோசெகண்ட், 3 கிகாஹெர்ட்ஸில் சுமார் 200 சைக்கிள். சராசரி 800 பைட்னு வெச்சா உங்க 5 ஜிபிபிஎஸ் செகண்டுக்கு 8 லட்சம் பாக்கெட்கூட வராது.

முள்ளுக்கத்திரி:
இன்னொண்ணு. டிபிடிகேவுக்காக போர்ட்டை விஎஃப்ஐஓ-பிசிஐ-க்குக் (கார்டை ப்ரோகிராம் கையில் கொடுக்கிற டிரைவர்) கட்டின நிமிஷமே அது ஐபி லிங்க் பட்டியல்ல இருந்து காணாமப் போகும். பாக்கெட்டைக் காட்டுற டிசிபிடம்ப் குருடு, ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸ் ரூல் ஒண்ணும் பொருந்தாது. ஏஆர்பி, நாட், நாட் லாக் எல்லாம் விபிபி (டிபிடிகே மேல ஓடுற ரூட்டர் சாஃப்ட்வேர்) மாதிரி ஒண்ணு வெச்சு மறுபடி கட்டணும். அந்த ப்ராசஸ் செத்தா அத்தனை செஷனும் போச்சு. விடியக்காலை 3 மணிக்கு டிராஃபிக்கே இல்லாட்டியும், பாக்கெட் வந்துச்சான்னு ஓயாம பார்க்கிற போலிங் கோர் 100%லதான் சுத்தும். நம்ம ஊர் கத்திரி வெயில்ல கரண்ட் போய் ஏசி நின்னா, யுபிஎஸ்ஸில் அந்த வாட்டும் சேரும்.

காட்பாடி_கேபிள்:
சரி, ஆர்பிஎஸ் போட்டுப் பார்க்கறேன். டிடிஓஎஸ் தாக்குதல் (பல இடத்திலிருந்து வெள்ளமா வர்ற போலி டிராஃபிக்) வந்தா?

பாலாறு64:
அதுக்கு எக்ஸ்டிபி, பாக்கெட் டிரைவருக்கு வந்ததுமே சின்ன ப்ரோகிராம் ஓட்டுற கெர்னல் வசதி; 2016-ல் 4.8 கெர்னலில் வந்தது. கார்டு கெர்னல் கையிலேயே இருக்கும், வேண்டாத பாக்கெட்டை டிரைவரிலேயே கொட்டிடலாம். கொட்டினது டிசிபிடம்ப்பில் வராது, அதனால எண்ணிக்கைக்கு அந்த ப்ரோகிராமோட மேப்பில் (அது எழுதி வைக்கிற டேபிள்) கவுன்ட்டர் வையுங்க. இந்த கார்டில் முதல் தடவை ஏத்தும்போது லிங்க் விழுந்து எழும், விடியக்காலையில் செய்யுங்க. அப்ஸ்ட்ரீம் பைப்பே நிரம்பிட்டா இதுவும் உதவாது, அங்கயே பிளாக்ஹோல் (தாக்கப்படுற ஐபிக்கு வர்றதை அவங்களே கொட்டிடறது) கேட்கணும்.