ஃபால்அவுட் 3 கதையை நியூ வேகாஸ் இன்ஜினில் ஓட்ட முறையான வழி என்ன?

கெடிலக்கரை (கடலூர்):

வணக்கம். ஃபால்அவுட் 3 கேம் ஆஃப் தி இயர் பதிப்பு ஜிஓஜியில் வாங்கினது. நியூ வேகாஸ் அல்டிமேட் பதிப்பு ஸ்டீம்ல இருக்கு. விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி (சி டிரைவ் மட்டும்தான்), தனியா ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க். டெஸ்க்டாப், யுபிஎஸ் கிடையாது.

ஃபால்அவுட் 3-ஐ நேரா ஓட்டினா அடிக்கடி உறைஞ்சு நிக்குது. எல்லாரும் சொல்ற ஐஎன்ஐ (கேமோட செட்டிங் கோப்பு) திருத்தம், அதாவது இன்ஜின் 2 கோர் மட்டும் எடுத்துக்கிற மாதிரி மாத்துறது, அதுவும் செஞ்சாச்சு. குறையுதே தவிர நிக்கல. டேல் ஆஃப் டூ வேஸ்ட்லாண்ட்ஸ் (டிடிடபிள்யூ) மாட், அதாவது ரசிகர்கள் செஞ்ச மாற்றத் தொகுப்பு, போட்டா பழைய கதை முழுக்க நியூ வேகாஸுக்குள்ளயே ஓடும்னு படிச்சேன். என் கேள்வி மூணு. ரெண்டு கேமும் வேற வேற கடையில வாங்கினது பிரச்சினையா? எந்த டிரைவ்ல எதைப் போடணும்? ஃபால்அவுட் 3-ல ஏற்கெனவே இருக்கிற சேவ் ஃபைல் உதவுமா?

ஊசுட்டேரி (புதுச்சேரி):

கடை வேறயா இருந்தா பாதகமில்லை. டிடிடபிள்யூவுக்கு வேண்டியது ரெண்டு கேமோட கை வைக்காத ஒரிஜினல் டேட்டா கோப்புகள், ரெண்டும் ஆங்கிலப் பதிப்பு, எல்லா டிஎல்சியும் (பின்னாடி தனியா வந்த கூடுதல் பகுதிகள்). உங்க ரெண்டு பதிப்பிலயும் அது முழுசா இருக்கு: ஃபால்அவுட் 3-ல ஆபரேஷன் ஆங்கரேஜ், தி பிட், பிரோக்கன் ஸ்டீல், பாயின்ட் லுக்அவுட், மதர்ஷிப் ஸீட்டா, நியூ வேகாஸ்ல நாலு கதை டிஎல்சியோட கன் ரன்னர்ஸ் ஆர்செனல், கூரியர்ஸ் ஸ்டாஷ். மாட் ஆசிரியர்கள் ஃபால்அவுட் 3 கோப்பு எதையும் தங்கள் தொகுப்புல வைக்கிறதில்லை. இன்ஸ்டாலர் உங்க டிஸ்க்கில இருக்கிறதைப் படிச்சு, மாற்றி, புதுசா கட்டுது. அதனால ஏற்கெனவே எடிட்டர்ல திறந்து சுத்தம் பண்ணின இஎஸ்எம் கோப்பு (கேமோட முதன்மைத் தரவுக் கோப்பு), டெக்ஸ்ச்சர் மாட் கலந்த டேட்டா ஃபோல்டர் இருந்தா சோதனையிலேயே நின்னுடும். அப்படி ஏதாவது செஞ்சிருந்தா ரெண்டையும் அழிச்சிட்டு புதுசா இறக்குங்க.

இன்னொண்ணு முக்கியம். ஃபால்அவுட் 3-ஓட இஎக்ஸ்இ இதுல ஓடவே ஓடாது. அதைச் சுத்தியிருந்த கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ் தொல்லை, நீங்க சொல்ற கோர் பிரச்சினை எல்லாம் அந்த இஎக்ஸ்இயோடயே போயிடும். கட்டி முடிச்சப்புறம் ஃபால்அவுட் 3-ஐ அன்இன்ஸ்டால் பண்ணி இடத்தை மீட்டுக்கலாம்.

டிரைவ் விஷயம்: ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள்ள ரெண்டு கேமும் இருக்கவே கூடாது. அங்க எழுத விண்டோஸ் அனுமதி கேக்கும், மாட் கருவிகள் பாதியில தடுமாறும். உங்ககிட்ட எஸ்எஸ்டியில சி மட்டும் இருக்கிறதால டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் சி-யை 60 ஜிபி சுருக்குங்க. வர்ற காலி இடத்துல ஈ டிரைவ் உருவாக்குங்க. ஸ்டீம் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பகுதியில ஈ-யை லைப்ரரியாச் சேர்த்து நியூ வேகாஸை அங்க இறக்குங்க. ஃபால்அவுட் 3-ஐ ஹார்ட் டிஸ்க்கில வைக்கலாம், அதைப் படிக்க மட்டும்தான் போறோம். ஆனா கட்டின கோப்புகள் ஈ-லதான் இருக்கணும். ஹார்ட் டிஸ்க்கில வெச்சா வாஷிங்டன் தெருவுல ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் கேம் தயங்கும்.

இறக்கினதும் ரெண்டு கேமோட லாஞ்சரையும் ஒரு தடவை திறந்து மூடுங்க. கேம் எங்க இருக்குன்னு ரெஜிஸ்ட்ரியில பதியறதும், நியூ வேகாஸோட ஐஎன்ஐ கோப்புகள் உருவாகிறதும் அப்பதான். பிறகு 4ஜிபி பேட்சரை நியூ வேகாஸ் ஃபோல்டருக்குள்ள வெச்சு ஓட்டுங்க. இது 32 பிட் கேம். இயல்பா 2 ஜிபி நினைவகத்துக்கு மேல தொடாது. ரெண்டு கேமோட சாமானையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வரும்போது அது போதாது. எக்ஸ்என்விஎஸ்இ (மாட்களுக்குக் கூடுதல் ஸ்க்ரிப்ட் வசதி தர்ற கருவி) கோப்புகளையும் இஎக்ஸ்இ இருக்கிற அதே இடத்துல போடுங்க, டேட்டாவுக்குள்ள இல்ல. பேட்ச் ஆன இஎக்ஸ்இ அதைத் தானா ஏத்திக்கும்.

அடுத்து மாட் ஆர்கனைசர் 2, கேம் ஃபோல்டரைத் தொடாம மாட்களை நிர்வகிக்கிற கருவி. அதை ஈ டிரைவ்ல தனி ஃபோல்டர்ல வைங்க, கேம் ஃபோல்டருக்குள்ள வேண்டாம். ப்ரொஃபைல்ல ஆட்டோமேட்டிக் ஆர்கைவ் இன்வாலிடேஷனை டிக் பண்ணுங்க, அப்பதான் ஒரிஜினலுக்குப் பதிலா மாட் கோப்பை கேம் எடுத்துக்கும். டிடிடபிள்யூ-ன்னு காலியா ஒரு மாட் உருவாக்கி, இன்ஸ்டாலர் எங்க எழுதணும்னு கேக்கும்போது அந்தக் காலி ஃபோல்டரைக் காட்டுங்க. நேரா கேமோட டேட்டா ஃபோல்டரைக் காட்டிடாதீங்க. நாளைக்குப் பிரிக்கணும்னா பிரிக்க முடியாது.

யுபிஎஸ் இல்லைங்கிறதால ஒரு வார்த்தை. பெரிய பிஎஸ்ஏ கோப்பு (படம், ஒலி எல்லாம் கட்டி வெச்ச மூட்டை) எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போனா அந்தக் கோப்பு பாதியில நிக்கும், ஆனா ஃபோல்டர்ல முழுசு மாதிரியே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில நம்ம பக்கம் லைன் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. மழை விட்ட நாளாப் பாத்துச் செய்யுங்க. நடுவுல நின்னா ஒட்டுப்போடப் பாக்காம ஃபோல்டரையே காலி பண்ணிட்டு முதல்லேருந்து ஓட்டுங்க.

பழைய சேவ் உதவாது. கதை தொடங்குற நிலத்தடிப் புகலிடமான வால்ட் 101-ல திரும்பப் பிறந்துதான் ஆகணும்.

சுதேசி_மில்_சங்கு (புதுச்சேரி):

மேல சொன்னது போதும், இன்ஸ்டால் பத்தி நான் சேர்க்க எதுவும் இல்ல. விளையாட்டு எப்படி மாறும்னு தெரிஞ்சுக்காம உள்ள போனா ஜி.ஓ.ஏ.டி. தேர்வுலயே (வால்ட்டுக்குள்ள ஆரம்பத்துல எழுதுற தேர்வு) தப்பான திறமைகளை உங்க முக்கியத் திறமைகளா டேக் பண்ணிடுவீங்க. அதனால இது.

2008-ல வந்த கேமும் 2010-ல வந்த கேமும் ஒரே கேம்ப்ரியோ இன்ஜின் வழி வந்தவை. கோப்பு வடிவமும் ஒண்ணுதான். அதனாலதான் இந்த இணைப்பே சாத்தியம். ஆனா விதிகள் எல்லாம் நியூ வேகாஸ் விதிகள். ஸ்மால் கன்ஸ், பிக் கன்ஸ்னு ரெண்டு திறமை இனி கிடையாது. மினிகன் கன்ஸுக்குள்ள போயிடுச்சு, மிஸைல் லாஞ்சரும் ஃபேட் மேனும் எக்ஸ்ப்ளோஸிவ்ஸுக்கு, ஃப்ளேமர் எனர்ஜி வெப்பன்ஸுக்கு. ஆயுதங்களுக்குப் பலத் தேவை உண்டு, மினிகனுக்கு ஸ்ட்ரெங்த் 8. புதுசா சர்வைவல் வந்திருக்கு. பெர்க் (லெவல் ஏறும்போது கிடைக்கிற சிறப்புச் சலுகை) ரெண்டு லெவலுக்கு ஒண்ணு.

பெரிய மாற்றம் கவசத்துல. ஃபால்அவுட் 3-ல கவசம் அடியைச் சதவீதத்துல குறைக்கும், அதிகபட்சம் 85. அதனால சின்னத் துப்பாக்கியை வெச்சே எதையும் சுரண்டிச் சுரண்டிச் சாகடிக்கலாம். இங்க டேமேஜ் த்ரெஷோல்ட் (டிடி): ஒவ்வொரு குண்டுலேருந்தும் ஒரு நிலையான எண் கழியும், எவ்வளவு கழிஞ்சாலும் குறைந்தது 20 சதவீதம் உள்ள போகும். 10 அடி கொடுக்கிற குண்டு, எதிரிக்கு டிடி 15-ன்னா உள்ள போறது 2 தான். வேகமாச் சுடுற சின்னத் துப்பாக்கியோட என்க்ளேவ் படையோட பவர் ஆர்மர் முன்னாடி நின்னா குண்டுதான் தீரும். ஆர்மர் பியர்சிங் ரவை (கவசம் துளைக்கிறது) டிடியில பெரும்பாலும் 15 கழிக்கும், அதை அந்த நேரத்துக்குன்னு எடுத்து வைங்க. ஹாலோ பாயின்ட் ரவை கவசம் இல்லாத, இல்ல ரொம்பக் கம்மியான நாய், எறும்பு, ரெய்டர் வகைக்கு.

ஹார்ட்கோர் மோடைப் போட்டு விளையாடுங்கன்னு அழுத்தியே சொல்றேன். இந்தக் கதையோட மையமே நல்ல தண்ணீர்தான், உங்க அப்பா வால்ட்டை விட்டுப் போறதே அதுக்காகத்தான். ஆனா பழைய கேம்ல உங்களுக்குத் தாகமே எடுக்காது. குழாயில கதிர்வீச்சுத் தண்ணி வந்தா அது உயிர் ஏத்திக்க ஒரு வழி, அவ்வளவுதான். ஹார்ட்கோர்ல நீர்ச்சத்து தனியாக் கணக்காகும். தலைநகர் பாழ்நிலத்துல கிட்டத்தட்ட எல்லாத் தண்ணியிலயும் கதிர்வீச்சு. மெகாடன் ஊர் வாசல்ல உக்காந்து தண்ணி கேக்கிற மனுஷன் அப்பதான் வெறும் அலங்காரமாத் தெரியமாட்டான். சிப்காட் பக்கத்து ஊர்க்காரங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல. என்னைக் கேட்டா, இந்தக் கதை நியூ வேகாஸ் இன்ஜினுக்காகவே எழுதினது மாதிரி பொருந்துது. கிராஃபிக்ஸுக்காக இதைப் போடுறவங்க பாதிப் பலனைத்தான் எடுத்துக்கிறாங்க.

கெடிலக்கரை (கடலூர்):

ரொம்ப நன்றி அண்ணா. கட்டி முடிச்சாச்சு, பிழைச் செய்தி எதுவும் வரல. ஆனா கேமைத் திறந்தா மெனு வர்றதுக்கு முன்னாடியே மூடிக்குது. அப்புறம், ஃபால்அவுட் 3-க்குன்னு இறக்கி வெச்ச மாட்கள் சிலது இருக்கு, அதைச் சேர்க்கலாமா?

முதுநகர்_நங்கூரம் (கடலூர்):

மெனுவுக்கு முன்னாடியே மூடினா பெரும்பாலும் பிளகின் (கேம் ஏத்திக்கிற தரவுக் கோப்பு) வரிசைதான் தம்பி. ஒரு கோப்பு தனக்கு அடிப்படையான கோப்பைத் தேடும். அது இல்லைன்னாலோ, டிக் பண்ணலைன்னாலோ, தனக்குக் கீழே இருந்தாலோ கேம் ஒரு வார்த்தை சொல்லாம மூடிக்கும். மாட் ஆர்கனைசரோட வலப்பக்கம் இந்த வரிசையில இருக்கான்னு பாருங்க: ஃபால்அவுட் என்வி, டெட் மணி, ஹானஸ்ட் ஹார்ட்ஸ், ஓல்டு வேர்ல்டு ப்ளூஸ், லோன்சம் ரோட், கன் ரன்னர்ஸ் ஆர்செனல், அடுத்து ஃபால்அவுட் 3, ஆங்கரேஜ், தி பிட், பிரோக்கன் ஸ்டீல், பாயின்ட் லுக்அவுட், ஸீட்டா, பிறகு கேரவன், கிளாசிக், மெர்சனரி, ட்ரைபல்னு கூரியர்ஸ் ஸ்டாஷோட நாலு பேக், கடைசியா டேல் ஆஃப் டூ வேஸ்ட்லாண்ட்ஸ், யப்-டிடிடபிள்யூ (பிழைத்திருத்தக் கோப்பு). எல்லாத்துலயும் டிக் இருக்கணும். தானா வரிசைப்படுத்துற பொத்தானை அழுத்தாதீங்க, கையாலேயே இழுத்து வைங்க.

வரிசை சரியா இருந்தும் மூடினா, கேமை மாட் ஆர்கனைசர் வழியாத் திறக்கிறீங்களான்னு பாருங்க. ஸ்டீம்ல நேரா ப்ளே அழுத்தினா மாட் ஃபோல்டர் அதுக்குத் தெரியாது. மெனு வந்ததும் டில்டே (~) கீயை அழுத்தி, திறக்கிற கட்டளைப் பெட்டியில, அதாவது கன்சோல்ல, கெட்-என்விஎஸ்இ-வெர்ஷன் (GetNVSEVersion)னு இடைவெளியில்லாம ஒரே சொல்லா அடிங்க. 6-ன்னு எண் வந்தா எக்ஸ்என்விஎஸ்இ ஏறியிருக்கு. வரலைன்னா பேட்சர் ஓடல, இல்ல கோப்பு தப்பான ஃபோல்டர்ல இருக்கு. அது ஏறினப்புறம் ஜேஐபி எல்என், ஜானி கிட்டார், என்விடிஎஃப் (நியூ வேகாஸ் டிக் ஃபிக்ஸ்)னு அதை நம்பி ஓடுற மூணு திருத்த மாட்களையும் மாட் ஆர்கனைசர்ல போடுங்க. காட்சி ஓடும்போது வர்ற அந்தச் சின்னச் சின்ன வெட்டு, இன்ஜின் நேரத்தை அளக்கிற விதத்தால வர்றது. கிராஃபிக்ஸ் கார்டு மேல பழியைப் போட்டு செட்டிங்கைக் குறைச்சா போகாது, என்விடிஎஃப் அதைச் சரி பண்ணும்.

உள்ள போனதும் பொருளுக்குப் பதிலா பெரிய சிவப்பு ஆச்சரியக்குறி நின்னா அந்தப் பொருளோட 3டி மாடல் கோப்பு கிடைக்கலைன்னு அர்த்தம். நடுவுல டிஸ்க் நிரம்பியோ கரண்ட் போயோ பிஎஸ்ஏ குறைப்பட்டிருக்கும். திரும்பக் கட்டுறதுதான் வழி. செட்டிங் மாத்தினது நிக்காமப் போனா டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் எடுத்துக்கிட்டிருக்கான்னு பாருங்க. அதை நிறுத்திட்டு ஐஎன்ஐயை ப்ரொஃபைலுக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்க.

ஃபால்அவுட் 3 மாட் எதையும் அப்படியே போடக்கூடாது. பழைய கேம்ல ஃபால்அவுட் 3 இஎஸ்எம் வரிசையில 00-வது இடம். இங்க அந்த இடம் நியூ வேகாஸுக்கு, ஃபால்அவுட் 3-க்கு 06. போதாததுக்கு, நியூ வேகாஸே ஃபால்அவுட் 3 தரவு மேல கட்டினதால ரெண்டுக்கும் பொதுவான ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு ஒரே எண்தான். டிடிடபிள்யூ இதையெல்லாம் பிரிச்சு வெச்சிருக்கு. பழைய மாட் வந்து பழைய எண்ணை நம்பி எழுதினா ஏதோ ஒரு கதவோ வசனமோ உடையும், அது எப்ப தெரியும்னு சொல்ல முடியாது. டிடிடபிள்யூவுக்குன்னு மாத்தின பதிப்பு இருந்தா மட்டும் எடுங்க. நியூ வேகாஸ் மாட்கள்லயும் ஆயுதம், பெர்க் மாதிரி அடிப்படையைத் தொடுறதுக்கு டிடிடபிள்யூ பேட்ச் தேவைப்படும்.

கன்சோல்ல ஒரு பொருளை வரவழைக்க அடிக்கிற எண்ணுக்கும் இதே கணக்குதான். ஃபால்அவுட் 3-ல மட்டும் இருக்கிற பொருளோட எண் 00-ல தொடங்கினா அதை 06-ஆ மாத்தி அடிக்கணும். ஸ்டிம்பேக் மாதிரி ரெண்டுலயும் இருக்கிறது 00015169-ன்னு அப்படியே இருக்கும்.

ஐஎன்ஐயில யு-கிரிட்ஸ்-டு-லோட் (uGridsToLoad, உங்களைச் சுத்தி எவ்வளவு தூரம் கேம் முழுசா ஏத்தணும்கிற எண்) மதிப்பு 5-லேயே இருக்கட்டும். 7 ஆக்குங்கன்னு பழைய வழிகாட்டிகள்ல இருக்கும். தூரத்துல இருக்கிற ஸ்க்ரிப்ட் எல்லாம் நேரத்துக்கு முன்னாடியே ஓடி குவெஸ்ட் கெட்டுப்போகும், ஒரு தடவை அப்படி சேவ் ஆனா குறைச்சாலும் சுலபத்துல மீளாது. நீங்க இன்னும் விளையாடவே ஆரம்பிக்கலைங்கிறதால, வலப்பக்க வரிசையை ஒரு படம் பிடிச்சு இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.